கெட்டியாகிப் போன சாஸும் கவிழ்த்து வைத்த பாட்டிலும்

இந்த முறை வரலாற்றுக் கட்டுரையில் ராஜாக்கள் கிடையாது, போர்க்களம் கிடையாது. ஒரு பாட்டில் தக்காளி சாஸ் மட்டும்தான். சிரிக்காமல் படியுங்கள், உள்ளே ஒரு ஜனாதிபதி, ஒரு சட்டம், கொஞ்சம் விஷம் எல்லாம் வருகிறது.

வீட்டில் குழம்பு கெட்டியாகிவிட்டால் என்ன செய்வோம்? ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றி ஒரு கொதி விட்டால் முடிந்தது கதை. ஆனால் அமெரிக்காவில் 1906 வாக்கில் ஒரு சாஸ் கெட்டியாகிப் போய், அதைச் சமாளிக்க ஏறக்குறைய நூறு வருடம் ஆனது. காரணம், அதில் தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. ஏன் கூடாது என்பதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கெட்சப் என்ற சொல், தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் உப்பில் ஊறிய மீன் சாற்றுக்கு வழங்கிய பெயரிலிருந்து வந்தது என்பதுதான் சொல்லாராய்ச்சி செய்பவர்களில் பலரும் ஒத்துக்கொள்ளும் விளக்கம். தென்கிழக்கு ஆசியாவுக்கு வியாபாரம் செய்யப் போன ஆங்கிலேயர்கள் அந்த ருசியை ஊருக்குக் கொண்டு போனார்கள். அங்கே தக்காளியே இல்லாமல் நெத்திலி மாதிரியான உப்பு மீன், காளான், வால்நட் என்று கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு கெட்சப் செய்தார்கள். எல்லாமே தண்ணீர் மாதிரி ஓடும் கறுப்புச் சாறுகள். நாம் இப்போது சோயா சாஸ் என்று ஊற்றுகிறோமே, ஏறக்குறைய அந்தப் பதம். 1747-ல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி எழுதிய பிரபலமான ஆங்கிலச் சமையல் புத்தகத்தில் கப்பல் கேப்டன்களுக்கு என்றே ஒரு பகுதி உண்டு. அதில் இருபது வருடம் கெடாத கெட்சப்புக்கு ஒரு குறிப்பு கொடுத்திருக்கிறார். இருபது வருடம்! அந்தக் காலத்துக் கெட்சப்பின் முக்கியமான வேலையே கெடாமல் இருப்பதுதான் என்பது இதிலிருந்தே புரியும்.

தக்காளி உள்ளே வந்தது அமெரிக்காவில். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் மீஸ் என்ற மருத்துவர் 1812-ல் அச்சில் வெளியிட்ட குறிப்பு, தக்காளிக் கெட்சப்புக்கான மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று. தக்காளி வந்ததும் ருசி கூடியது, தலைவலியும் கூடியது. உப்பு மீனும் காளான் சாறும் வருடக்கணக்கில் நிற்கும், தக்காளி நிற்காது. அதில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். கொஞ்சம் சர்க்கரையும் உண்டு. ஈஸ்ட்டுக்கும் பூஞ்சைக்கும் இதை விட நல்ல கல்யாணச் சாப்பாடு கிடைக்குமா?

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொழிற்சாலைகள் கெட்சப் செய்ய ஆரம்பித்தபோது நிலைமை இன்னும் மோசம். தக்காளியை டின்னில் அடைக்கும் கம்பெனிகளில் தோல், காம்புப் பகுதி, பச்சைக் காய், அடிபட்ட பழம் என்று ஏகப்பட்ட கழிவு மிஞ்சும். பல இடங்களில் அதையெல்லாம் கொட்டி வைத்து, சீசன் முடிந்ததும் சாஸ் ஆக்கினார்கள். கொட்டி வைத்த காலத்திலேயே பாதி புளித்து நுரைத்துவிடும். பார்க்கச் சகிக்காது. அதற்கு நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த சாயம். மேற்கொண்டு கெடாமலிருக்க சோடியம் பென்சோயேட், சாலிசிலிக் அமிலம், போரிக் அமிலம். எவ்வளவு போடலாம் என்று கேட்க ஆளில்லை. இந்தக் கெட்சப் தண்ணியாகத்தான் இருந்தது, ஏனென்றால் உள்ளே உண்மையான தக்காளிச் சதை கொஞ்சம்தான். பாட்டிலைச் சாய்த்தால் கடகடவென்று கொட்டும். அதாவது அன்றைக்கு யாரும் கெட்சப் பாட்டிலைத் தட்ட வேண்டியிருக்கவில்லை :)

இந்த இடத்தில் இரண்டு பேர் வருகிறார்கள். இரண்டு பேரும் வேறு வேறு ரகம்.

ஒருவர் ஹார்வி வாஷிங்டன் வைலி. 1883 முதல் அமெரிக்க விவசாயத் துறையின் தலைமை வேதியியலாளர். உணவில் கலக்கும் ரசாயனம் உடம்பை என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க 1902-ல் அவர் ஒரு வேலை செய்தார். பன்னிரண்டு இளைஞர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து, தினமும் இலவசச் சாப்பாடு போட்டு, அந்தச் சாப்பாட்டிலேயே போராக்ஸ் கலந்து கொடுத்தார். அப்புறம் சாலிசிலிக் அமிலம், பென்சோயேட், ஃபார்மால்டிஹைடு என்று ஒவ்வொன்றாக. பத்திரிகைகள் அவர்களுக்கு விஷப் படை என்று பெயர் வைத்தன. இன்றைக்கு எந்த ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது. ஆனால் அந்த நாட்டில் சோற்றில் என்ன இருக்கிறது என்று மக்கள் கேட்க ஆரம்பித்ததற்கு அந்தப் பன்னிரண்டு பேரின் வயிற்று வலியும் ஒரு காரணம்.

இன்னொருவர் பிட்ஸ்பர்க் பக்கத்து ஹென்றி ஜான் ஹைன்ஸ். 1869-ல் குதிரைமுள்ளங்கித் துருவலைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தவர். மற்றவர்கள் பச்சை, பழுப்பு நிறப் பாட்டிலில் அடைத்து மலிவான கிழங்கைக் கலந்து ஏமாற்றிய காலத்தில், இவர் உள்ளே இருப்பது தெரியும்படி நிறமில்லாத கண்ணாடியில் கொடுத்தார். 1875-ல் திவால். அடுத்த வருடமே சொந்தக்காரர்களோடு சேர்ந்து மறுபடி ஆரம்பித்தார், அப்போது வந்ததுதான் கெட்சப். சுத்தம் என்பது அவருக்குக் கொள்கையாகவும் இருந்தது, விளம்பரமாகவும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், பிரிக்க வேண்டிய அவசியமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி இதுதான்: பென்சோயேட் போடாமல் கெட்சப் செய்ய முடியுமா? முடியவே முடியாது என்றார்கள் பெரும்பாலான தயாரிப்பாளர்கள். மூடி போட்டிருக்கும் வரை சரி, கொதிக்கக் கொதிக்க அடைத்தால் கெடாது. ஆனால் கெட்சப் என்பது ஒரே நாளில் தீர்க்கிற சாமான் இல்லையே. திறந்து, கொஞ்சம் ஊற்றி, மேஜையில் வைத்து, நாலு நாள் கழித்து மறுபடி எடுப்பார்கள். அந்த நாலு நாளில் நுரை கட்டிவிடும். அன்றைக்கு வீட்டில் ஃபிரிட்ஜும் கிடையாது.

முடியும் என்று நிரூபிக்க முயன்றவர்களில் ஒரு கணவன் மனைவி ஜோடி உண்டு. ஆர்வில் பிட்டிங், கேத்தரின் பிட்டிங். கேத்தரின் நுண்ணுயிரியல் படித்தவர். (பின்னாளில் அவர் சேர்த்த பழைய சமையல் புத்தகங்கள் இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் தனித் தொகுப்பாக இருக்கின்றன. புத்தகப் பைத்தியங்களுக்கு ஒரு கும்பிடு!) கெட்சப் எப்படிக் கெடுகிறது, திறந்த பின் எத்தனை நாள் தாங்குகிறது, சர்க்கரையும் வினிகரும் கூடினால் என்ன ஆகிறது என்று பாட்டில் பாட்டிலாகப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 1909-ல் அரசு வெளியீடாக வந்தது. ஹைன்ஸ் கம்பெனியும் தன் பங்குக்கு அதே வழியில் போய், 1906-க்குள் ரசாயனம் இல்லாத கெட்சப்பைச் சந்தைக்குக் கொண்டு வந்துவிட்டது.

விடை ரொம்ப எளிமை. நம் ஊறுகாய்க்காரர்களைக் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்கள். கழிவைத் தூக்கிப் போடு, நன்றாகப் பழுத்த முழுத் தக்காளியை எடு, உப்பும் வினிகரும் சர்க்கரையும் தாராளமாகப் போடு, தண்ணீர் வற்றும் வரை காய்ச்சு. புளிப்பும் இனிப்பும் ஏறிய, தண்ணீர் குறைந்த இடத்தில் கிருமிக்கு வாழ வழியில்லை.

ஆனால் இப்படிச் செய்தால் வேறு ஒன்று நடக்கும். சாஸ் கெட்டியாகிவிடும்!

ஆக, நாம் இன்றைக்குக் கெட்சப் என்றாலே கெட்டியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோமே, அது முதலில் யாரோ ருசி பார்த்து முடிவு செய்த பதம் இல்லை. ஒரு ரசாயனத்தை வெளியே எடுத்ததன் பக்க விளைவு. அதில் தண்ணீர் ஊற்றினால் புளிப்பும் இனிப்பும் நீர்த்துப் போகும், கிருமி திரும்பி வரும், அப்புறம் பென்சோயேட்டும் திரும்பி வர வேண்டும். குழம்புக்குச் செய்கிற வைத்தியம் இங்கே பலிக்காமல் போனதற்கு இதுதான் காரணம்.

அரசியல் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்டன் சின்க்ளேர் எழுதிய கசாப்புத் தொழிற்சாலை நாவல் கிளப்பிய கோபமும் சேர்ந்து, 1906 ஜூன் 30-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தூய உணவு, மருந்துச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஹைன்ஸ் கம்பெனி அந்தச் சட்டத்துக்கு வெளிப்படையாக ஆதரவு கொடுத்தது. போட்டியாளர்கள் பல்லைக் கடித்தார்கள். வைலி அடுத்து பென்சோயேட்டைத் தடை செய்யக் கிளம்பினார். ஆனால் 1908-ல் ரூஸ்வெல்ட் முன்னிலையில் நடந்த ஒரு கூட்டத்தில், பேச்சு சாக்கரின் பக்கம் திரும்பியபோது, அது கெடுதல் என்று வைலி சொல்லிவிட்டார். ஜனாதிபதிக்கோ அவருடைய டாக்டர் தினமும் சாக்கரின் கொடுத்துக்கொண்டிருந்தார். வந்ததே கோபம்! வைலியின் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம் என்று ஐரா ரெம்சன் தலைமையில் ஒரு நிபுணர் குழு போட்டார்கள். ரெம்சன் யார்? சாக்கரினே அவருடைய ஆய்வகத்தில் 1879-ல் கண்டுபிடிக்கப்பட்டதுதான். என்ன பொருத்தம் பாருங்கள்.

அந்தக் குழு 1909-ல் குறைந்த அளவு பென்சோயேட் தீங்கில்லை என்று அறிக்கை கொடுத்தது. லேபிளில் குறிப்பிட்டால் போடலாம் என்று ஆனது. வைலி 1912-ல் வேலையை விட்டார். இன்றைய விஞ்ஞானமும் அந்த ஒரு விஷயத்தில் ரெம்சன் பக்கம்தான். அமெரிக்காவில் 0.1 சதவீதம் வரை பென்சோயேட் அனுமதிக்கப்பட்ட பொருள்தான். ஆனால் வைலி முழுக்கத் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். பென்சோயேட் போடலாமா என்பது ஒரு கேள்வி. அழுகல் தக்காளியை மறைக்க அது உதவுகிறதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வியில் அவர் சொன்னது சரி. சட்டம் அனுமதித்த பிறகும் கடையில் ஜெயித்தது பென்சோயேட் இல்லாத கெட்டிச் சாஸ்தான்.

ஜெயித்த சாஸ் பாட்டிலை விட்டு வெளியே வர மறுத்ததுதான் அடுத்த சிக்கல்.

ஹைன்ஸின் எட்டுப் பட்டைக் கண்ணாடிப் பாட்டில் 1890-லேயே வந்துவிட்டது. அதன் கழுத்து குறுகலானது. அதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. காற்றுப் படுகிற இடத்தில் கெட்சப் கறுத்துப் போகும், கழுத்து குறுகலாக இருந்தால் காற்றுப் படும் பரப்பு குறைவு. சாஸ் தண்ணியாக ஓடிய நாளில் அந்தக் கழுத்து யாருக்கும் தொந்தரவாக இல்லை. சாஸ் மாறியது, பாட்டில் மாறவில்லை. அதற்குள் அந்தப் பாட்டிலே கம்பெனியின் முகம் ஆகிவிட்டது. முகத்தை எப்படி மாற்றுவது?

கொஞ்சம் பௌதிகம். (கலைப்பிரிவு நண்பர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், மார்க் குறைக்க மாட்டேன்.) தண்ணீரையோ எண்ணெயையோ சாய்த்தால் உடனே ஓடும். கெட்சப் அப்படி இல்லை. தக்காளிச் சதையின் நுண்ணிய துகள்கள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு ஒரு வலை மாதிரி நிற்கின்றன. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் விசை கொடுத்தால்தான் அந்த வலை அறுபடும். அது வரை கெட்சப் திடப்பொருள் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். அறுந்த பிறகு, எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு நீர்த்துப்போய் ஓடும். அதனால்தான் தட்டுகிறோம், தட்டுகிறோம், ஒன்றும் வராது. திடீரென்று பாதிப் பாட்டில் தட்டில் விழும். கூடவே இன்னொன்று: சாஸ் வெளியே வர வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். குறுகலான கழுத்தை சாஸே அடைத்துக்கொண்டிருந்தால் காற்று எந்த வழியாகப் போகும்?

இந்த வலையைக் கட்டிக் கொடுப்பதில் பெக்டினுக்குப் பெரிய பங்கு. தக்காளியை நசுக்கி அப்படியே விட்டால் அதிலுள்ள நொதிகள் பெக்டினை அறுத்துத் தண்ணியாக்கிவிடும். நசுக்கியவுடனே ஏறக்குறைய கொதிநிலைக்குச் சூடாக்கினால் நொதிகள் செயலிழந்து, சாஸ் கெட்டியாகவே நிற்கும். கெட்சப் தொழிற்சாலைகள் இந்தச் சூட்டு முறையைத்தான் பிடித்துக்கொண்டன.

கெட்டித்தன்மை மெல்ல மெல்லச் சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. அமெரிக்க அரசு விதிப்படி, பாஸ்ட்விக் என்ற பெயருள்ள ஒரு நீளமான உலோகத் தொட்டியில் கெட்சப்பை ஊற்றி, தடுப்பைத் திறந்தால், 20 டிகிரி வெப்பத்தில் 30 நொடியில் 14 சென்டிமீட்டருக்கு மேல் ஓடக்கூடாது. ஹைன்ஸ் கம்பெனி சொல்லும் கணக்கு இன்னும் வேடிக்கை. பாட்டிலிலிருந்து அவர்கள் சாஸ் மணிக்கு 0.028 மைல் வேகத்தில் வர வேண்டுமாம், அதை விட வேகமாக ஓடினால் நிராகரிப்பு. நம் கணக்கில் மணிக்குச் சுமார் 45 மீட்டர்.

ஐம்பது அறுபது வருடம் இதற்கு மக்கள் கண்டுபிடித்த வைத்தியங்கள் எல்லாம் கைவைத்தியம்தான். பாட்டிலின் அடியில் அறைவது. கத்தியை உள்ளே விட்டுக் கிண்டுவது (இது உண்மையில் நல்ல யோசனை, வலையும் அறுபடும், காற்றுக்கும் வழி கிடைக்கும்). மூடியோடு நன்றாகக் குலுக்கிவிட்டுத் திறப்பது. கம்பெனி என்ன செய்தது? குறையைத் தூக்கி விளம்பரத்தில் வைத்தது! 1960-களில் தொலைக்காட்சியில் எங்கள் சாஸ்தான் எல்லாவற்றையும் விட மெதுவானது என்று போட்டி நடத்திக் காட்டினார்கள். 1970-களில் கார்லி சைமனின் காத்திருப்பைப் பற்றிய பாட்டை வாங்கிப் பின்னணியில் ஓடவிட்டார்கள். 1987-ல் வந்த ஒரு விளம்பரத்தில் ஒரு பையன் மொட்டை மாடி விளிம்பில் பாட்டிலைச் சாய்த்து வைத்துவிட்டு, நிதானமாகக் கீழே இறங்கிப் போய், ஹாட் டாக் வாங்கி, சரியாக விழும் நேரத்தில் சாஸைப் பிடிப்பான். அந்தப் பையன் மேட் லெப்ளாங்க். ஆமாம், 'ஃபிரண்ட்ஸ்' தொடரின் ஜோயிதான்!! விற்பனை சாமர்த்தியம் என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தவனின் கஷ்டம் அப்படியே இருந்தது.

உண்மையான மாற்றம் 1983-ல் வந்தது. பிதுக்கும் பிளாஸ்டிக் பாட்டில். கேட்க சாதாரணமாக இருக்கிறது, அதை அவ்வளவு நாள் ஏன் செய்யவில்லை என்றால், சாதாரண பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜன் கசிந்து உள்ளே போகும், சாஸ் கறுத்துவிடும். பல அடுக்கு பிளாஸ்டிக்குக்கு நடுவே ஆக்சிஜனைத் தடுக்கும் ஓர் அடுக்கை வைக்கும் தொழில்நுட்பம் வந்த பிறகுதான் அது சாத்தியமானது. இப்போது விசையைக் கொடுப்பது நம் கை. ஆனாலும் பாதி காலியான பாட்டிலில் சாஸ் அடியில் உட்கார்ந்துகொள்ளும், அது வாய்க்கு வரும் வரை தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பல வீடுகளில் பாட்டிலையே கவிழ்த்து வைத்தார்கள். மூடியைத் திறந்தால் முதலில் ஒரு வாய் சிவப்புத் தண்ணீர், பிறகு ஒரு துப்பல்.

இதைத் தீர்த்தவர் சாஸ்காரர் இல்லை, ஒரு அச்சு வார்ப்பவர். மிச்சிகன் மாநிலத்து மிட்லண்டில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்த பால் பிரவுன். கவிழ்த்து வைத்தாலும் ஒழுகாத ஷாம்பூ பாட்டிலுக்கு ஒரு வால்வு வேண்டும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை. சிலிக்கோனில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு மூடி, நடுவே கீறல். அழுத்தினால் கீறல் விரியும், விட்டால் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு தானே மூடிக்கொள்ளும். நூறு மாதிரிகளுக்கு மேல் தோல்வி, ஊரெல்லாம் கடன், கிரெடிட் கார்டு எல்லாம் தேய்ந்து, 1991-ல் ஒருவழியாகச் சரியாக வந்தது. முதலில் ஷாம்பூ கம்பெனிகள், அப்புறம் குழந்தைகள் குடிக்கும் கோப்பை, விண்வெளி வீரர்களுக்காக நாசா கூட வாங்கியது. 1995-ல் தன் கம்பெனியைச் சுமார் 1.3 கோடி டாலருக்கு விற்றார். 2002-ல் அந்த வால்வோடு ஹைன்ஸின் கவிழ்த்து வைக்கும் பாட்டில் கடைக்கு வந்தது. சாஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை, வினிகரைக் கூட்டவில்லை. பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி லேபிளைத் திருப்பி ஒட்டினார்கள். அவ்வளவுதான்.

இதற்குப் பிறகும் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்கிற மிச்சம் இருந்தது. 2012-ல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கிருபா வாரணாசி என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில், மாணவர் டேவ் ஸ்மித் முதலானோர் பாட்டிலின் உட்புறத்தில் எப்போதும் வழுக்கலாகவே இருக்கும் ஒரு பூச்சைச் செய்து காட்டினார்கள். கெட்சப் அப்படியே சறுக்கி, கடைசிச் சொட்டு வரை வெளியே வரும் அந்த வீடியோ இணையத்தில் பிய்த்துக்கொண்டு ஓடியது. பேராசிரியர் நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக் படித்தவர் என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்! ஆனால் அந்தப் பூச்சு பெரிய பிராண்டில் பேர் வாங்கியது கெட்சப்பில் இல்லை. 2021-ல் ஐரோப்பாவில் கோல்கேட் வெளியிட்ட ஒரு பற்பசைப் பாட்டிலில்.

பழைய கண்ணாடிப் பாட்டில் இன்னும் விற்பனையில் இருக்கிறது. கையில் கிடைத்தால் கழுத்துப் பக்கம் கண்ணாடியிலேயே பொறித்த 57 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். அது 1896-ல் ஹைன்ஸ் விளம்பரத்துக்காகப் பிடித்த எண், அப்போது அவர் அறுபதுக்கு மேல் சரக்கு விற்றுக்கொண்டிருந்தார், 57 என்பது காதுக்கு நன்றாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமில்லை. ஆனால் அது பொறித்திருக்கும் இடத்துக்கு ஒரு உபயோகம் உண்டு. பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் சாய்வாகப் பிடித்து, அடியில் அறையாமல், அந்த 57-ன் மேல் இரண்டு விரலால் அழுத்தித் தட்டுங்கள். கழுத்தில் இருக்கும் சாஸ்தான் முதலில் நகரும், மேல்பக்கமாகக் காற்று உள்ளே போகும், மிச்சம் பின்னாலேயே வரும்.